முன்பின் தெரியாதவரோடு ஓர் ஆட்டம்

கல்லூரியில் அவருக்குச் ‘சீட்டுக்கட்டு டீச்சர்’ என்று பெயர். கணினிக்கு விளையாடக் கற்றுக்கொடுப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. “சீட்டாடறதுக்கு டாக்டர் பட்டம் வாங்கின ஒரே ஆள் எங்க அண்ணிதான்” என்று அவருடைய நாத்தனார் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் எடுத்துக்கொண்டது ஒருவரை ஒருவர் தோற்கடிக்கிற ஆட்டம் அல்ல. இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஆடுவது. தன் கையில் இருக்கும் சீட்டு தனக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் நிறத்தையோ எண்ணையோ மட்டும் சொல்லலாம். அதை வைத்துச் சீட்டுகளை வரிசையாக இறக்க வேண்டும். டீச்சர் எழுதிய புரோகிராம் தன் நகலோடு ஆடினால் எப்போதும் முழு மதிப்பெண்தான்.

ஒரு விடுமுறை நாளில் நாத்தனாரை அதனோடு ஆடவிட்டார். கொஞ்ச நேரத்திலேயே ஆட்டம் கவிழ்ந்தது.

“என்ன அண்ணி இது! சிவப்புங்குது, நம்பி இறக்கினா தப்புங்குது. இதுவும் இதோட நகலும் தங்களுக்குள்ள ஏதோ கண்ஜாடை வச்சிருக்குங்க!”

அவருக்குச் சுருக்கென்றது. தேடிப் பார்த்தால் உண்மைதான். ஓயாமல் தங்களுக்குள்ளேயே ஆடி, இரண்டும் ஒரு ரகசிய பாஷையை வளர்த்திருந்தன. ‘சிவப்பு’ என்றால் ‘கடைசிச் சீட்டைத் தள்ளிவிடு’ என்று அர்த்தம்!

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவசரக்காரர், மறதிக்காரர், அரைகுறை என்று விதவிதமான கூட்டாளிகளோடு அதை ஆடவைத்தார். மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது.

“பழசையே காட்டிடும்மா, வேலை உன் கையில” என்றார் துறைத்தலைவர்.

“கண்ணாடி முன்னால நின்னு தன்னோடயே பேசிக்கிறதுல என்ன சார் பெருமை?”

நேர்காணலில், “விளையாட்டெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?” என்று முகம் சுளித்த வழுக்கைத்தலைக்காரரையே புதிய புரோகிராமோடு ஆட உட்காரவைத்தார். அவர் பாதியில் தப்பான சீட்டை இறக்கினார். அறையே உற்றுப் பார்த்தது. புரோகிராம் சற்று நிதானித்து, அடுத்து மிக எளிய குறிப்பாக ஒன்றைத் தந்தது: ‘நடுச்சீட்டு மூன்று.’

“ஓஹோ, நான் சொதப்பினது இதுக்குத் தெரிஞ்சுபோச்சு!” அவர் சிரித்துவிட்டார். “இருங்க, இன்னொரு ஆட்டம் போட்டுக்கறேன்.”

வேலை கிடைத்த அன்று நாத்தனார்தான் முதலில் கேட்டாள்: “கடைசியில எவ்வளவு மார்க் வந்துது?”

“பாதிக்குக் கொஞ்சம் மேல.”

“அடேயப்பா! பாதி மார்க்கக் காட்டிப் பேராசிரியர் ஆன ஒரே ஆளும் எங்க அண்ணிதான்!”