மைதானத்தில் நின்ற பந்து

எங்கள் ஊர்க் கல்லூரியின் 1998ஆம் ஆண்டு மலரில், விளையாட்டுப் பக்கத்தின் அடியில், கால்பந்து அணியைப் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. கடைசி ஆட்டம் பெங்களூர்க் கல்லூரி ஒன்றோடு நடந்ததாகவும், வெளிச்சம் குறைந்ததால் இடையில் நிறுத்தப்பட்டுச் சமன் என்று அறிவிக்கப்பட்டதாகவும் அவை சொல்கின்றன. ஆண்டு சரி, எதிரணி சரி, சமன் என்பதும் சரி. வெளிச்சம் பற்றிய தகவல் மட்டும் தவறு. அந்த ஆட்டத்தை நான் கண் கூசாமலிருக்க நெற்றியில் கைவைத்துக்கொண்டு பார்த்தேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ஊரிகம் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. அவருடைய ஒரே தம்பி, என் சித்தப்பா, கல்லூரியில் கடைசி வருடம். அணியில் இடதுபுறம் ஆடுபவர். தன் தம்பி கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சும் எப்போதும் இருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி சித்தப்பாவின் இடது கால். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அணி பெங்களூருக்குப் போகும். அங்கே பெரிய தொழிற்சாலை அணிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து பார்ப்பார்கள். எடுத்துக்கொண்டால் விளையாட்டுக்காகவே வேலை. எங்கள் வீட்டில் அடுப்படி வரைக்கும் இதுதான் பேச்சு.

அந்த ஆண்டு முதல் ஆட்டத்திலேயே எங்கள் அணி தோற்றது. அடுத்தது சமன். பிறகு தொடர்ந்து ஜெயித்தது. தம்பியின் கால்தான் காரணம் என்று அப்பா சொன்னார். எதிரணிகளுக்கு நம் மைதானம் பிடிபடவில்லை என்று அம்மா சொன்னார். அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மைதானத்தில் புல் கிடையாது. காற்றடித்தால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த பக்கத்துச் சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூள் பறந்து கண்ணை மறைக்கும். கடைசி ஆட்டத்துக்கு வந்த பெங்களூர்ப் பையன்கள் வேனிலிருந்து இறங்கி, “கிரவுண்ட் எங்கே?” என்று கேட்டார்கள்.

“இதான்பா. நீ நிக்கிறியே, அதான்” என்றார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர்களுடைய வெள்ளைக் காலுறைகளைப் பார்த்து, “மாப்பிள்ள அழைப்புக்கு வந்துகிறானுங்க போல” என்றும் சேர்த்துக்கொண்டார்.

வந்தவர்கள் நன்றாகவே ஆடினார்கள். முதலில் கோல் போட்டவர்களும் அவர்கள்தான். இடைவேளைக்குப் பிறகு சித்தப்பா ஒன்று போட்டுச் சமன் செய்தார். அப்பா அன்று இரண்டாவது ஷிப்ட், பூமிக்கடியில் இருந்தார். அவருக்குப் பதிலாகவும் நானே கத்திக்கொண்டிருந்தேன்.

முடிய சற்று நேரமே இருந்தபோது சித்தப்பா பந்தோடு இரண்டு பேரைத் தாண்டினார். எதிரே கோல்கீப்பர் மட்டும். அப்போது தரை குலுங்கியது.

எங்கள் ஊரில் தரை ஆடுவது புதிதல்ல. உள்ளே பாறை வெடிக்கும்; அடுக்கில் பாத்திரங்கள் கிடுகிடுக்கும்; வகுப்பில் டீச்சர் விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைத் தொடர்வார். வெளியூர்க்காரர்கள்தான் பயப்படுவார்கள். அந்தக் கோல்கீப்பர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கோல் காலியாக இருந்தது. இதைவிடச் சுலபமான கோல் உலகத்திலேயே இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

“அடி சித்தப்பா, அடி” என்று கத்தினேன். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

சித்தப்பா பந்தின்மேல் காலை வைத்து நிறுத்திவிட்டார். கோலைப் பார்க்கவில்லை. அவரும், எங்கள் அணியும், சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் திசையில், சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்டின் மேலிருந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில், கேஜை ஏற்றி இறக்கும் பெரிய சக்கரம் அசையாமல் நின்றது. இது வழக்கமான சின்ன அதிர்வு அல்ல என்பது பெரியவர்களுக்கு உள்ளங்காலிலேயே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவர் விசில் ஊதவில்லை. ஆனாலும் பந்தை அப்படியே விட்டுவிட்டுச் சித்தப்பா ஓடினார். அவர் பின்னால் அணி, அதன் பின்னால் ஊர். ஆட்டம் பார்க்க வந்திருந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சாஃப்ட் வாசலில் கூட்டமாக நின்றோம். எல்லோர் கண்ணும் சக்கரத்தின்மேல் இருந்தது. வெகு நேரம் கழித்து யாரோ, “சுத்துதுபா” என்றார். சக்கரம் சுற்றத் தொடங்கியிருந்தது.

கேஜ் கேஜாக ஆட்கள் மேலே வந்தார்கள். அன்று ஒருவருக்கும் அடியில்லை. அப்பா கண் இமையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார். பனியனும் பூட்ஸுமாக நின்ற தம்பியைக் கண்டதும் கேட்டார்:

“மேட்ச் இன்னாச்சி?”

சித்தப்பாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன்: “கோல் காலியா கெடந்துதுப்பா. சித்தப்பா அடிக்கல. பந்த நிறுத்திட்டு ஓடியாந்துட்டாரு.”

“ஏன்டா, நான் வரமாட்டேன்னு நெனச்சிக்கினியா?”

“கால் வரல்லண்ணா” என்றார் சித்தப்பா.

அப்பா வீடு வரைக்கும் தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டே நடந்தார். அப்பாவுக்குக் கால் வலி என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சித்தப்பாவின்மேல் தீராத கோபம். இரண்டு நாள் பேசவில்லை.

ஆட்டத்தை விட்டுவிட்டுப் போன அணிக்குத் தோல்வி என்று எழுதுவதுதான் முறை. சித்தப்பாவின் அண்ணன் சுரங்கத்துக்குள் இருந்ததைக் கேட்டு எதிரணியின் கோச் சமன் என்று எழுதச் சம்மதித்தார் என்று கல்லூரியின் பி.டி. மாஸ்டர் பிற்பாடு சொன்னார். சமனால் பயனில்லை, அணி பெங்களூருக்குப் போகவில்லை. வீட்டில் கால்பந்துப் பேச்சு நின்றது. அப்பா ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தார்.

கோடை விடுமுறையில் ஒருநாள் பி.டி. மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் ஒரு தொழிற்சாலை அணியின் செலக்‌ஷனுக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பெயரைக் கொடுத்தது யார் என்று தனக்கும் தெரியாது என்றார். அம்மா எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். சித்தப்பா காலை ரயிலில் போனார். அவரை எடுத்துக்கொண்டார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் அவருடையதுதான்.

பெயரைக் கொடுத்தவர் அந்தக் கோச்தானா என்று பல வருடங்களாக விசாரித்துவருகிறேன். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை; அந்தக் கல்லூரியிலும் தகவல் இல்லை. சித்தப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு துப்பு. செலக்‌ஷன் முடிந்து அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தொப்பி போட்ட ஒருவர் பின்னால் வந்து கன்னடத்தில், “நிம்ம அண்ண ஹேகித்தாரே?” என்று, உங்கள் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று, கேட்டாராம். நன்றாக இருக்கிறார் என்று சித்தப்பா சொல்லித் திரும்புவதற்குள் அவர் நகர்ந்துவிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே, கேட்டவர் கோச்தான் என்பது இதுவரை உறுதியாகவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பா முதலில் சொன்னது இதைத்தான். கேட்டதும் முகம் கழுவப் போன அப்பா வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தார். பந்தை ஒருநாளும் உதைத்தறியாத அப்பாவைப் பற்றிக் கால்பந்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ஏன் கேட்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.