நிமிடத்துக்கு இருபது டிகிரி

அந்த வீட்டின் மூத்த மருமகள் பதினெட்டு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். நோயாளியின் தோளில் பிளாஸ்டிக் கோணமானியை வைத்து, கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொல்வாள். அவள் சொன்னால் ஆஸ்பத்திரி டாக்டர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

அவளுடைய ஓரகத்தி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துபவள். ஒரு நாள் அதே கோணத்தை அளக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்து அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். உள்ளே கைரோஸ்கோப் சென்சார். கை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அது சொல்லச் சொல்ல, மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி அதைக் கூட்டிக் கோணமாக்கித் திரையில் காட்டும். டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி தன் கையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டார். வீட்டில் மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சின்னவள் பெருமையே பாடினார். மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம் பெட்டி மேசைமேல் சும்மா கிடந்தது. திரையில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மூத்தவள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டாள்: அசையாமலே நிமிடத்துக்கு இருபது டிகிரி. கையைச் சட்டென்று தூக்குபவர்களிடம் இந்தப் பிழை தெரியாது; மெதுவாகத் தூக்கினால் அளவு கூடிவிடும். அவள் மனம் குளிர்ந்தது. எல்லார் முன்னாலும் சின்னவள் மூக்குடையட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். மெதுவான நோயாளிகளை மட்டும் கோணமானியால் அளந்து எழுதினாள்.

மூன்றாவது வாரம், தோளில் அறுவை செய்துகொண்ட பேருந்து ஓட்டுநர் வந்தார். டாக்டரே பெட்டியைக் கட்டிவிட்டார். ஓட்டுநர் வலியோடு, ஒரு நிமிடம் எடுத்துக் கையைத் தூக்கினார். திரையில் நூற்று ஐம்பது. மறுபடி வண்டி ஓட்டலாம் என்ற சான்றிதழை டாக்டர் எடுத்தார். இந்தக் கையோடு இவர் அவசரத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால்? மூத்தவள் சான்றிதழைக் கையால் மறைத்தாள்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. பெட்டி தப்பா காட்டுது."

கோணமானியில் நூற்று முப்பதுதான்.

மாலை சின்னவள் வந்தாள். சும்மா இருக்கும்போதும் சென்சார் கொஞ்சம் சுழற்சி காட்டும், அதை முதலில் அளந்து கழிக்க மறந்துவிட்டேன் என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டாள். அரை மணியில் புரோகிராமை மாற்றினாள். இனி ஆன் செய்ததும் ஐந்து நொடி அசையாமல் வைத்தால் போதும்.

டாக்டர் போனதும் கேட்டாள். "அக்கா, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா."

"ஏன் சொல்லல?"

"பொறாமைதான். வேறென்ன சொல்ல."

சின்னவள் வயர்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அந்த மூன்று வாரத்தைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. அக்கா கண்டுபிடித்ததால் தப்பித்தேன் என்று மட்டும் மாமியாரிடம் சொன்னாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பாள் என்று மூத்தவளுக்குத் தெரியும். அந்தப் பெரிய மனசைப் பார்த்தும் அவளுக்கு வயிறு எரிந்தது.