வாயில்லாப்பூச்சி மருமகள்

அவள் பெயரை முதன்முதலில் என் தங்கைதான் போனில் சொன்னாள். “அக்கா, என் பையனுக்குப் பிடிச்சிருக்கிற பொண்ண அவ ஆபீஸ்ல வாயில்லாப்பூச்சின்னுதான் கூப்பிடுவாங்களாம்!” சொல்லும்போதே அவளுக்கு வாயெல்லாம் பல். தங்கையின் மாமியாரும், மூத்த ஓர்ப்படியும், அந்த ஓர்ப்படியின் அம்மாவும் பேசிப் பேசியே இவளைக் காய்ச்சி எடுத்தவர்கள். வருகிறவளாவது சாதுவாக இருக்கட்டுமே என்றிருந்தாள்.

வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். ஆழ்கடல் ஆராய்ச்சி வேலை. கடலின் அடியில் எண்ணெயும் வாயுவும் கசிகிற இடங்களில், குழாய் போன்ற கூட்டுக்குள் ஒரு புழு வாழ்கிறதாம். அதற்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. ஓயாமல் அதைப் பற்றியே பேசுவதால் வந்த பட்டப்பெயராம் அது.

கப்பலிலிருந்து திரும்பினால் உடுப்பெல்லாம் கூமுட்டை நாற்றம். “இந்த நாத்தம்தான் அத்தை அதுங்களுக்குச் சாப்பாடே!” என்று தங்கையின் மூக்கருகே கொண்டுபோவாள்.

இந்த முறை, உருண்டையான சிறு நீர்மூழ்கியில் அவளே கடலடிக்கு இறங்க ஓர் இடம் காலியாக இருந்தது. அவளுடைய தலைவர் நிபந்தனை போட்டார். “அந்தச் சின்ன உருண்டைக்குள்ள உன் பேச்சக் கேட்டா நான் கதவத் திறந்துட்டு வெளிய போயிடுவேன். வீட்ல ஒரு நாள் பேசாம இருந்து காட்டு. சாயங்காலம் உன் மாமியார்கிட்டயே கேப்பேன்.”

அன்று நானும் போயிருந்தேன். இடுக்கில் உட்காரப் பழக வேண்டுமென்று, சாப்பாட்டு மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவள் கடலுக்குள் இறங்குவதில் தங்கைக்குத் துளியும் இஷ்டமில்லை. வாயைக் கிளறிப் பார்த்தாள். “உன் புருஷன் மூக்கு புனல் மாதிரி இல்ல?” அவள் சிரிப்பை விழுங்கினாளே தவிர, உதட்டைப் பிரிக்கவில்லை.

பொழுது சாயும்போது தங்கையே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வீடு என்னமோ மாதிரி இருக்குடி. அப்படி என்னதான் இருக்கு அங்க?”

அவ்வளவுதான், மடை திறந்தது.

“வெயிலே எட்டாத இருட்டு அத்தை! கசிவுல வர்ற நச்சு வாயுவ, அந்தப் புழு தன் அடி உடம்ப மண்ணுக்குள்ள வேர் மாதிரி இறக்கி உறிஞ்சும். உடம்புக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு. அதுங்கதான் அத வச்சே ஆக்கிப்போடும். இருநூறு வருஷங்கூட இருக்கும் அத்தை! உங்க கொள்ளுப்பாட்டிக்கு முன்னாடி முளைச்சது, இன்னும் நிக்குது!”

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அந்நேரம் பார்த்து போன் அடித்தது.

தங்கை எடுத்தாள். மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

“மூச்! ஒரு வார்த்த பேசலைங்க. எனக்கே பயமாப் போச்சு.”

இப்போது அவள் கடலின் அடித்தரையில், அந்தப் புழுக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.