காது குத்துவதற்காகச் சிதம்பரத்தில் போட்டுக்கொண்ட முதுகு ஊசி

ஐந்து வருட இடுப்பு வலி எனக்கு. நின்றால் தேவலை, தரையில் உட்கார்ந்தால் உயிர் போகும். தங்கை கலாவின் மகளுக்குத் திருவந்திபுரம் கோயிலில் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான்தான் சம்மணம் போட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்காலி போடலாம் என்றார்கள், எனக்குத்தான் மனசு வரவில்லை. “அண்ணனுக்கு சரியாவட்டும், பாப்பா காது எங்க ஓடிப்போவப் போவுது?” என்று கலா இரண்டு முறை தள்ளிப்போட்டாள். பாவம், நல்ல பிள்ளை.

2010 தை மாதம், முதுகில் ஊசி போட அவள் கணவன் சேகர் என்னைக் காரில் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனான். காலை ஆறரைக்குக் கடலூரில் கிளம்பினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வேகத்தடைகளை என் முதுகு ஒவ்வொன்றாக எண்ணியது. “மெதுவாத்தான் மச்சான் போறேன்,” என்று வழியெல்லாம் சமாதானம் சொன்னான்.

மருத்துவமனையில் குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி டாக்டரம்மா முதுகுத்தண்டை ஒட்டி ஊசி போட்டார். காலில் ஓர் அழுத்தம் இறங்கியது, அவ்வளவுதான். “இன்னைக்கு நல்லா இருக்கும், நம்பிடாதீங்க. மருந்து வேலை செய்ய சில நாள் ஆவும். எல்லாருக்கும் கேக்காது,” என்றார்.

யார் காதில் வாங்கியது? ஒரு மணி நேரம் படுக்கையில் இருந்துவிட்டு, வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே காட்டினேன். வலியே இல்லை! சேகர் உடனே கலாவுக்குப் போன் போட்டான். நாங்கள் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டு முடிப்பதற்குள், அவள் அடுத்த வாரமே நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வலி முழுசாகத் திரும்பி வந்தது. கலாவிடம் என்ன சொல்வதென்று அழுகையே வந்துவிட்டது. ஐந்தாம் நாள்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது, அதுவும் பாதிதான். இந்த ஊசிக்குப் போகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாள் சுகத்தை நம்பி யாருக்கும் போன் போடாதீர்கள்.

குறித்த நாளில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். திருவந்திபுரத்தில் ஆசாரி முதல் காதைக் குத்தியதும், பாப்பா வீறிட்டு என் வயிற்றில் எட்டி உதைத்தாள். இடுப்பில் சுரீரென்றது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது காதும் முடிந்ததும், விசும்பிக்கொண்டே என் மார்பில் சாய்ந்தாள்.

சேகர் குனிந்து கை நீட்டினான். “வலி ஜாஸ்தியா மச்சான்? எந்திரிங்க.”

“இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்குறேன்டா,” என்றேன்.