இரண்டு சூப்பர்சார்ஜர், ஒரு மஞ்சள் கோடு

எங்கள் கம்பெனியில் ஒரு போல்ட்டை முறுக்கிச் சரிபார்த்துவிட்டால் அதன் தலையில் பெயின்ட் பேனாவால் மஞ்சள் கோடு போடுவோம். கோடு இருந்தால் அடுத்தவன் தொடமாட்டான். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஆறு வருடம் இப்படி வேலை பார்த்ததில், ஏழுமலையானுக்கு அடுத்தபடியாக நான் நம்பியது மஞ்சள் கோட்டைத்தான். என் தலையில் மிளகாய் அரைக்க அதுவே போதுமாக இருந்தது.

அரைத்தவன் என்னோடு அதே அசெம்பிளி லைனில் நின்ற நண்பன், புத்தூர்க்காரன். இரண்டு பேரிடமும் ஒரே மாடல் கார். அந்தக் காரை வைத்திருக்கும் திருப்பதி, சித்தூர் ஆட்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருந்தோம். அங்கே ஓயாத சண்டை ஒன்றுதான்: எந்த சூப்பர்சார்ஜர் போடுவது? என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான் அது, பெல்ட்டில் சுற்றும். எங்கள் காருக்குப் பொருந்தும் கிட் இரண்டு. ஸ்க்ரூ வகை கிளம்பும்போதே தள்ளும். விசிறி வகை வேகம் ஏற ஏறத் தள்ளும். நீ ஓட்டிப் பார்த்துச் சொல், நீ சொன்னால் வாங்குகிறோம் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லமாட்டேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். என்னிடம் இருந்ததிலேயே எனக்குப் பெருமை அந்தப் பெயர்தான்.

நான் ஸ்க்ரூ வாங்கினேன், அவன் விசிறி வாங்கினான். பெட்டியில் வந்தபடியே மாட்ட வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்பது பேச்சு. புத்தூரில் அவன் வீட்டு ஷெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டையும் மாட்டினோம். அவன் அம்மா தோசை சுட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். போல்ட்டுகளுக்கு நானே கோடு போட்டேன்.

அடுத்த வாரம் சென்னைப் பக்கத்து டிராக்கில் கால் மைல் ஓட்டினோம். டயர், பெட்ரோல் எல்லாம் ஒன்று. இரண்டு காரையும் நானே ஓட்டினேன். ஓட்டத்துக்கு முன் அவன் காரின் பானெட்டைத் திறந்தேன். மஞ்சள் கோடு இருந்தது. மூடிவிட்டேன். மூன்று தடவையும் அவன் கார் அரை நொடிக்கு மேல் முந்தியது. தோற்றது என் கிட்தான், ஆனாலும் தயங்காமல் குரூப்பில் எழுதினேன்: விசிறிதான் நல்லது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நான்கு பேர் வாங்கினார்கள். முதலில் வாங்கியவர் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை சூப்பர்வைசர், என்னைவிட மூத்தவர். அதே டிராக்கில் ஓட்டிவிட்டுப் போன் செய்து, தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். நான் தோற்ற நேரத்தைக்கூட அவர் கார் எட்டவில்லையாம். மாட்டியதில் தப்பிருக்கும் என்று சித்தூருக்கே போய், வெர்னியர் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரு தப்பும் இல்லை. ஆனால் சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட் சக்கரம் மட்டும் ஏனோ பெரிதாகத் தெரிந்தது.

அளவைக் குறித்துக்கொண்டு நேராகப் புத்தூர் போனேன். நண்பனின் காரில் இருந்தது அதைவிடச் சின்னச் சக்கரம், அதற்கேற்ற குட்டை பெல்ட், நாங்கள் மாட்டிய பிறகு அவன் மாற்றியது. சக்கரம் சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், கார் பறக்கும். போல்ட் மேல் மஞ்சள் கோடு, அச்சு அசல் நான் போட்டது போலவே. அதே பேனா அவன் சட்டைப் பையிலும் இருக்கிறது என்பது அதுவரை என் மரமண்டையில் ஏறவில்லை.

அவன் மறைக்கவில்லை. அந்தக் கிட்டுக்குத் திருப்பதி டீலர் அவன்தானாம், வேலையை விடப் போகிறானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீ ஒத்துக்கினு இருப்பியா? நான் எழுதினா ஒருத்தனும் நம்ப மாட்டான். நீ எழுதினாதான் நம்புவானுங்க. அதான் மச்சி ஒன்கிட்ட சொல்லல."

என்னிடம் பொய் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பேன். என் வாயை வைத்தே ஊரை ஏமாற்றியிருக்கிறான், பாவி. கையை ஓங்கிவிட்டேன். அதற்குள் அவன் அம்மா, சாப்பிட்டுப் போப்பா என்று வந்து நின்றார். கையை இறக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் காரை ஓரம் கட்டி, நடந்தது எல்லாவற்றையும் அளவுகளோடு குரூப்பில் எழுதினேன். எல்லோரும் படித்தார்கள். கடைசியில் சித்தூர்க்காரர் மட்டும் எழுதினார்.

"ரெண்டு காரையும் ஓட்டினது நீதானே தம்பி. ஒனக்குத் தெரியாமலா?"

அதற்குப் பிறகு எந்தக் கிட் நல்லது என்று என்னை யாரும் கேட்டதில்லை.