வெள்ளாயணிக் காயலில் ஜிலேபி மீன் பேசுவதைக் கேட்பது எப்படி

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்துக்கு நான் மீன் பார்க்கப் போகவில்லை, பெண் பார்க்கத்தான் போனேன். எனக்கு நாற்பது வயது, திருநெல்வேலியில் வங்கி வேலை. என் ஜாதகம் போய்வந்த அளவுக்கு நானே ஊர் சுற்றியதில்லை. இந்த முறை கரமனை அக்ரஹாரத்தில் ஒரு வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, அக்கா "முதல்ல நீ பாத்துட்டு வா" என்றுவிட்டாள். பங்குனி மாத ஞாயிறு ஒன்றில் காலை ரயிலில் தனியாகக் கிளம்பினேன். பையில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஹைட்ரோபோனும் இருந்தது. தண்ணீருக்குள் இறக்கிக் கேட்கும் மைக் அது. இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு புதிதல்ல.

கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முறைப்படி வந்தன. பெண்ணின் பெயர் கௌரி, தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை. "ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசிக்கோங்கோ" என்று சொன்ன அவர் அப்பா, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, உணவுக்காகக் கொண்டுவந்து விட்டதில் நம் குளங்களை எல்லாம் பிடித்துக்கொண்டது, ஆண் மீன் பெண் மீனிடம் பேசும் என்றேன்.

"அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?" என்று கௌரி கேட்டார்.

இத்தனை வீடுகளில் சம்பளம் கேட்டிருக்கிறார்கள், சொந்த வீடா என்று கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டு மீன்தொட்டியில் பம்ப் இரைச்சல்தான் கேட்கும் என்றேன்.

"கேக்காமலேயா இத்தனை நேரம் பறைஞ்சேள்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது, மறைப்பானேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் அப்பா சொன்னார்: "நாங்க ஆத்துல கலந்துண்டு சொல்றோம், கேட்டேளா."

பெண் பார்க்கப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வாக்கியத்தின் பொருள் தெரியும். அந்தக் காலத்தில் பிள்ளை வீட்டார் 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்று சொன்னதைத்தான் இப்போது பெண் வீட்டார் சொல்கிறார்கள். நியாயம்தான்.

திரும்பும் ரயில் மாலையில். நடுவில் கிடந்த பகலை என்ன செய்வது என்று தெரியாமல் வெள்ளாயணிக் காயலுக்கு ஆட்டோ பிடித்தேன். சுமார் எட்டு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். பேருந்தில் போனால் மிச்சம், ஆனால் ஞாயிறன்று காத்திருக்க வேண்டும். "ஒற்றைக்காணோ சாரே? பேமிலி இல்லியா?" என்றார் ஓட்டுநர். இல்லை என்றேன்.

தாமரை இல்லாத ஆழமற்ற ஓரமாகப் பார்த்து உட்காருங்கள். மணலில் தட்டு அகலத்தில் வட்ட வட்டமான குழிகள் தெரியும். அவை ஆண் மீன்கள் வாயாலேயே தோண்டியவை. குழிக்கு ஒருவனாகக் காவல் நிற்பார்கள். உடம்பெல்லாம் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்து, கல்யாண ஜோரில் இருப்பார்கள். சாம்பல் நிறத்துப் பெண் மீன் ஒன்று வந்தது. முதல் குழியைச் சுற்றிப் பார்த்தது, அடுத்த குழிக்குப் போனது. கலந்துகொண்டு சொல்லும் போல.

ஹைட்ரோபோன் ஒயரை இறக்கியபோது பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த செல்வின் என்பவர் எழுந்தே விட்டார். தம்பானூர் ஹோட்டலில் சமையல் வேலை, சொந்த ஊர் தக்கலை. "என்னண்ணே, கரண்டு விட்டு மீன் பிடிக்கப் போறியளா?"

மீன் பேசுவதைக் கேட்கப் போகிறேன், இன்னொரு ஹெட்போன் தருகிறேன், நீங்களும் கேளுங்கள் என்றேன். அவர் யோசித்தார்.

"வேண்டாம்ணே. அது பேசதைக் கேட்டுட்டு பெறகு எப்பிடி வறுத்துத் திங்கதுக்கு?"

சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கேட்டேன். மூன்றாவது குழிக்காரன் வாலைச் சாய்த்து, உடம்பு நடுங்க, பெண் மீனின் பக்கம் போன நேரத்தில் கேட்டது. மரக்கதவை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுவது போல, விட்டு விட்டு, தாழ்ந்த சத்தம். தூரத்தில் நிற்கும்போது அவன் தட்டவில்லை, பக்கத்தில் வந்த பிறகுதான் தட்டினான். அவள் அந்தக் குழியில் முட்டையிட்டாள், முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு தாமரைத் தண்டுகளுக்குள் போய்விட்டாள். குஞ்சு வளர்ப்பதெல்லாம் அவள் வாய்க்குள்தான். அவன் குழியைச் சுற்றி வந்தான். வேறொருத்தி வந்ததும் மறுபடி தட்டினான். அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, வருத்தம் எனக்குத்தான்.

இப்போது கௌரியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வரன் விவரத்தில் எப்போதும் அப்பாவின் எண்தானே இருக்கும். ஒலிப்பதிவை அதற்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். 'கௌரி கேட்ட சத்தம்' என்று மட்டும் எழுதினேன். ரயில் ஏறியதும் கௌரியின் அப்பா அழைத்தார்.

"ஸ்பீக்கர்ல போட்டு எல்லாருமா கேட்டோம். ஒண்ணும் கேக்கலையே. வெறும் தண்ணி எறைச்சலாக்கும்."

"மாமா, ஹெட்போன்ல..."

"அது சாரமில்லை, போகட்டும். நாங்க கலந்துண்டு சொல்றோம்."

இணைப்பு போனது. 'ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள்' என்று எழுதி அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. குழித்துறை தாண்டும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாரங்கள் ஆகின்றன, இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். வெயில் ஏறிய பிறகு போங்கள், குழிகள் தெளிவாகத் தெரியும். படகுப் பக்கம் வேண்டாம், மோட்டார் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பிடித்த மீனை வேறு குளத்தில் விடாதீர்கள், ஏற்கெனவே போதும் போதும் என்று பரவியிருக்கிறது. இந்தத் தாழ்ந்த சத்தத்தைப் போன் ஸ்பீக்கர் எடுக்காது, யாருக்காவது அனுப்பினால் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். பதிவுக் கருவி வாங்கும்போது இரண்டு ஹெட்போன் செருகுகிற மாதிரி வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதாக ஏறிவிடாது. என்னுடையது அப்படிப்பட்டதுதான். இரண்டாவது துளையில் கடைக்காரர் போட்ட ரப்பர் மூடி இன்னும் அப்படியே இருக்கிறது.