மாமாவுக்கு ஒரு வெந்நீர் ஆறு

1996 ஆடி மாதம். ரொறன்ரோவிலிருந்து காலை ஏழு மணி விமானத்தில் புறப்பட்டு, கல்கரியில் இறங்கி, வாடகைக் கார் எடுத்தோம். அங்கிருந்து லூசியர் ஆற்றுக்கு ஏறக்குறைய முன்னூற்றைம்பது கிலோமீற்றர். றொக்கி மலை பார்க்கப் போவதாகத்தான் ஸ்காபரோவில் சொந்தக்காரருக்குச் சொல்லியிருந்தோம். உண்மையைச் சொன்னால் ஆளுக்கொரு நியாயம் கதைப்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது.

என் மனைவி மலருக்குச் சொந்த ஊர் திருகோணமலை. அவளுடைய அப்பா அதற்கு முந்தின மாதம் அங்கே காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியா வெந்நீரூற்றில் செய்வது அந்த ஊர் வழக்கம். இலங்கையில் நடந்த சண்டையால் எங்களுக்குப் போக வழியில்லை. ஒன்ராறியோ ஏரிக்கரையில் செய்யலாம் என்றார் ஐயர். ஆண்பிள்ளை இல்லாதபடியால் மலர் தர்ப்பையை என்னிடம் தர, நான்தான் செய்யவேண்டும் என்றும் சொன்னார்.

"அப்பா ஒரு நாளும் பச்சைத்தண்ணியிலை குளிச்சதில்லை. நான் சுடுதண்ணியிலைதான் செய்வன். நானே செய்வன்," என்றாள் மலர். நூலகத்தில் தேடி, வெந்நீரூற்று உள்ள இந்த ஆற்றைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

கனல் பிளற்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டியபின் பதினேழு கிலோமீற்றர் கல்லுப் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரே மரம் ஏற்றிய லொறிகள். 401 நெடுஞ்சாலையில் தினமும் கார் ஓடுகிற நானே ஓரமாக நிறுத்திவிட்டேன். மலர் என்னைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டுத் தானே ஓட்டினாள்.

பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு ஐஸ் மாதிரிக் குளிர்ந்து ஓடுகிறது. கரைப்பாறையிலிருந்து வெந்நீர் இறங்கி, கல் அடுக்கிய தொட்டிகளில் தேங்கி, ஆற்றோடு கலக்கிறது. தண்ணீரில் எதையும் போடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். கொண்டுபோன எள்ளை மலர் பையிலேயே விட்டாள்.

தொட்டியில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். இறந்த அப்பாவுக்காக வந்திருக்கிறேன் என்று மலர் ஆங்கிலத்தில் சொன்னாள். இருவரும் எழும்பி, இடம் விட்டு, கரையில் அமைதியாக நின்றார்கள்.

மலர் இடுப்பளவு நீரில் நின்று தேவாரம் பாடினாள். இரண்டு கையாலும் நீரை அள்ளி அள்ளி விட்டாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இந்தச் சூடு அவருக்குக் காணும்," என்றாள் கரையேறி.

ரொறன்ரோ திரும்பிய மறுநாள் மிசிசாகாவிலிருந்து என் அண்ணை தொலைபேசி எடுத்தார். விஷயம் எப்படியோ அவருக்கு எட்டிவிட்டது.

"ஆரடா செய்தது? நீதானே?"

"இல்லை அண்ணை. மாமாவின்ரை பிள்ளை செய்தவ," என்றேன். "பிள்ளை இருக்கேக்கை மருமகன் ஏன்?"